கண்காணிப்புக் கேமராவுக்கு எந்தக் கேபிள்?

பகல் முழுவதும் தெளிவாகப் படம் காட்டிய கேமரா, பொழுது சாய்ந்ததும் அணைந்து அணைந்து எரிவதைப் பல வீடுகளில் பார்க்கலாம். கேமரா பழுதாகிவிட்டது என்று வீட்டுக்காரர் நினைப்பார். பொருத்தியவர் வேறொன்றைக் கொண்டுவந்து மாட்டுவார். அதுவும் இரண்டாம் நாள் இரவு அதையே செய்யும். என் வீட்டுப் பின்புறக் கேமராவை இப்படி இரண்டு முறை மாற்றிய பிறகுதான், பழுது கேமராவில் இல்லை, சுவருக்குள் ஓடும் கேபிளில் இருக்கிறது என்பது எனக்கு விளங்கியது. இருட்டியதும் கேமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்குகின்றன. அது வாங்கும் மின்னோட்டம் சட்டென்று உயர்கிறது. மெல்லிய கம்பியின் வழியே அவ்வளவு மின்னோட்டம் பாயும்போது மறுமுனையில் மின்னழுத்தம் சரிந்து கேமரா அணைகிறது. அணைந்ததும் சுமை நீங்குவதால் மின்னழுத்தம் மீண்டு, அது மறுபடியும் உயிர்பெறுகிறது. விடியும் வரை இதே ஓட்டம்தான்.

கேமராவையும் பதிவுக் கருவியையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். பூச்சுக்குள் புதைத்த கேபிளை மாற்றச் சுவரை உடைக்க வேண்டும். எனவே முதன்முறையாகக் கேமரா பொருத்துபவர்கள், கடைக்காரர் காட்டும் கேமராக்களைப் பார்ப்பதற்கு முன்பே கேபிளைப் பற்றி முடிவெடுத்துவிடுவது நல்லது. அந்த முடிவுக்கு அடிப்படையாக ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருங்கள்: படம் நெடுந்தூரம் போகும், மின்சாரம் அவ்வளவு தூரம் போகாது. கேபிளைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலானோர் படத்தின் தரத்தைப் பற்றியே கேட்கிறார்கள். கேட்க வேண்டியது மின்சாரத்தைப் பற்றி.

விளக்குவதற்கு வசதியாகப் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பை ஒட்டிய ஒரு மாடி வீட்டை எடுத்துக்கொள்வோம். பதிவுக் கருவி மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. வாசலில் ஒரு கேமரா, கிணற்றடியில் ஒன்று, சாலையோர கேட்டில் ஒன்று, தோப்புக்குள் இருக்கும் மோட்டார் அறையில் ஒன்று என நான்கு கேமராக்கள் வேண்டும்.

முதலில் தூரத்தை அளந்துகொள்ளுங்கள்

கண்ணளவில் தூரத்தைச் சொல்வதே பாதித் தவறுகளுக்குக் காரணம். கேபிள் காகம் பறப்பதுபோல நேர்க்கோட்டில் போவதில்லை. தரையிலிருந்து கூரைக்கு ஏறி, மூலையில் திரும்பி, சன்னலைச் சுற்றி இறங்கித்தான் கேமராவை அடைகிறது. ஒரு நைலான் கயிற்றை எடுத்து, கேபிள் போகப்போகும் அதே வழியில் பிடித்துச் சென்று, பிறகு அந்தக் கயிற்றை அளவு நாடாவால் அளப்பது எளிய வழி. அத்துடன் கேமரா முனையில் ஒரு மீட்டரும் பதிவுக் கருவியின் பக்கம் இரண்டு மீட்டரும் கூட்டிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நுனியில் போட்ட இணைப்பு கெட்டால் வெட்டிவிட்டுப் புதிதாகப் போட அந்த மிச்சம்தான் உதவும். நம் எடுத்துக்காட்டு வீட்டில் இப்படி அளந்தபோது வாசலுக்கு 12 மீட்டர், கிணற்றடிக்கு 35, கேட்டுக்கு 70, மோட்டார் அறைக்கு 180 மீட்டர் என்று வந்ததாகக் கொள்வோம்.

எந்த வகைக் கேமரா என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

சந்தையில் இரண்டு குடும்பங்கள் உள்ளன. டிவிஆர் எனப்படும் பதிவுக் கருவியோடு இணையும் அனலாக் எச்டி கேமராக்கள் ஒன்று. என்விஆர் எனப்படும் பதிவுக் கருவியோடு வலையமைப்பு வழியாக இணையும் ஐபி கேமராக்கள் மற்றொன்று. முன்னதற்கு, கேபிள் டிவிக்கு வருவதைப் போன்ற கோஆக்சியல் கேபிளும், பின்னதற்குக் கணினி வலையமைப்புக்குப் பயன்படும் கேட் 5இ அல்லது கேட் 6 கேபிளும் வழக்கம். வைஃபை கேமரா என்றால் கேபிளே வேண்டாம் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். படம் மட்டும்தான் காற்றில் போகும், பேட்டரியில் ஓடுபவை தவிர மற்றவற்றுக்கு மின்சாரக் கம்பி ஒன்று போய்த்தான் ஆக வேண்டும்.

எந்தக் குடும்பம் என்று இன்னும் முடிவாகாத நிலையில் கட்டட வேலை நடந்துகொண்டிருந்தால் கேட் 6 கேபிளைப் போட்டு வையுங்கள். பலூன் என்னும் சிறிய இணைப்பியை இரு முனையிலும் ஒவ்வொன்றாகப் பொருத்தினால் அனலாக் கேமராவின் படத்தையும் அதன் ஓர் இணைக் கம்பியில் அனுப்ப முடியும். கோஆக்சியலைப் புதைத்துவிட்டுப் பிறகு ஐபிக்கு மாறுவது அவ்வளவு எளிதல்ல.

கோஆக்சியலும் 3+1 கேபிளும்

அனலாக் கேமராவுக்குக் கடையில் முதலில் எடுத்துத் தருவது 3+1 எனப்படும் கேபிள்தான். படத்துக்கு ஒரு கோஆக்சியல், மின்சாரத்துக்கும் ஒலிக்குமாக மூன்று மெல்லிய கம்பிகள் என எல்லாம் ஒரே உறைக்குள் இருக்கும். பெரும்பாலும் 90 மீட்டர் சுருளாக விற்கிறார்கள். ஒரே இழுப்பில் வேலை முடிந்துவிடும் என்பதால் பொருத்துபவர்களுக்கு இது மிகவும் பிடிக்கும். குறை சொல்வதற்கில்லை, ஆனால் அந்த மூன்று கம்பிகளின் பருமனைப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

தனிக் கோஆக்சியலில் ஆர்ஜி 59, ஆர்ஜி 6 என இரண்டு வகைகள் புழக்கத்தில் உள்ளன. இரண்டும் 75 ஓம் வகையே. ஆர்ஜி 6 சற்றுப் பருமனானது, நெடுந்தூரத்துக்கு ஏற்றது. ஆர்ஜி 59 வளைப்பதற்கு எளிது, வீட்டுக்குப் போதுமானது. டிஷ் ஆன்டெனாவுக்கு விற்கப்படும் ஆர்ஜி 6 கேபிள்களில் நடுக் கம்பி செம்பு பூசிய இரும்பாக இருப்பதுண்டு என்பதால், மிச்சமிருக்கும் டிஷ் கேபிளைக் கேமராவுக்கு இழுப்பதைத் தவிர்க்க வேண்டும். காந்தத்தை வைத்துப் பார்த்தாலே இரும்பு காட்டிக்கொடுத்துவிடும். நடுக் கம்பி முழுச் செம்பாகவும், அதைச் சுற்றியுள்ள வலைப்பின்னல் அடர்த்தியாகவும் இருப்பதே கேமராவுக்கு நல்ல கோஆக்சியலின் அடையாளம். முனையில் போடும் பிஎன்சி இணைப்பி திருகாணி வகையாக இருந்தால் நாளடைவில் தளரும். அழுத்திப் பொருத்தும் வகை நிலைக்கும்.

மின்னழுத்த இழப்பைக் கணக்கிடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டுமே படிக்க உங்களுக்கு நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். கணக்கு எளியது. ஒரு மீட்டர் நீளமும் ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பும் உள்ள செம்புக் கம்பியின் மின்தடை சுமார் 0.0175 ஓம். மின்சாரம் போவதற்கு ஒரு கம்பி, திரும்புவதற்கு ஒரு கம்பி என்பதால் தூரத்தை இரண்டால் பெருக்க வேண்டும். அதை மின்னோட்டத்தாலும் 0.0175-ஆலும் பெருக்கி, கம்பியின் குறுக்குப் பரப்பால் வகுத்தால், வழியில் இழக்கும் வோல்ட் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

கிணற்றடிக் கேமராவைப் பார்ப்போம். தூரம் 35 மீட்டர். பகலில் அது கால் ஆம்பியரும் இரவில் அரை ஆம்பியரும் வாங்குவதாகவும், நாம் வாங்கிய 3+1 கேபிளின் மின் கம்பி 0.2 சதுர மில்லிமீட்டர் என்றும் கொள்வோம். பகலில் இழப்பு ஒன்றரை வோல்ட். கேமராவுக்கு அனுப்பும் 12 வோல்ட்டில் பத்தரை மிஞ்சுகிறது, கேமரா ஓடிவிடும். இரவில் இழப்பு மூன்று வோல்ட்டைத் தாண்டுகிறது. கேமராவை அடைவது 9 வோல்ட்டுக்கும் குறைவு. முதல் பத்தியில் சொன்ன அணைந்து எரியும் நோய் வந்துவிட்டது. அதே இடத்துக்கு 0.5 சதுர மில்லிமீட்டர் கம்பியை இழுத்திருந்தால் இரவிலும் 10.8 வோல்ட் போய்ச் சேரும், 0.75 என்றால் 11 வோல்ட்டுக்கு மேல் கிடைக்கும். கேமராவின் அட்டைப்பெட்டியில் 12 வோல்ட்டுக்கு எத்தனை விழுக்காடு கூடலாம், குறையலாம் என்று அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு, இரவு நேர மின்னோட்டத்தை வைத்தே கணக்குப் போடுங்கள்.

அப்படியானால் கேட்டுக்கு என்ன செய்வது? 70 மீட்டருக்கு 0.2 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 12 வோல்ட்டை அனுப்பினால் பாதிக்கு மேல் வழியிலேயே கரைந்துவிடும். கேட்டின் விளக்குத் தூணில் வீட்டு மின்சாரம் ஏற்கெனவே இருந்தால், அங்கேயே மழை புகாத பெட்டிக்குள் ஒரு சிறிய 12 வோல்ட் அடாப்டரை வைத்து, படத்துக்கு மட்டும் கோஆக்சியலை இழுக்கலாம். செய்யக்கூடியதுதான், ஆனால் மின்வெட்டின்போது வீட்டுக்குள் இருக்கும் யுபிஎஸ் அந்தக் கேமராவுக்கு உதவாது. திருடன் மின்வெட்டுக்காகக் காத்திருக்க மாட்டான் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா?

ஒரே கேபிளில் படமும் மின்சாரமும்

ஐபி கேமராவின் உண்மையான வசதி இங்கேதான் வெளிப்படுகிறது. பிஓஇ என்னும் முறையில், வலையமைப்புக் கேபிளின் வழியாகவே மின்சாரமும் போகிறது. 2003-இல் வெளியான 802.3ஏஎஃப் தரநிலைப்படி, கேமராக் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் ஸ்விட்ச் என்னும் வலையமைப்புப் பெட்டியின் ஒவ்வொரு துளையும் 15.4 வாட் வரை கொடுக்கும். 2009-இல் வந்த 802.3ஏடி அதை 30 வாட்டாக உயர்த்தியது. வீட்டுக்குப் பொருத்தும் சாதாரண ஐபி கேமராவுக்கு முன்னதே தாராளம். சுழன்று பார்க்கும் பெரிய கேமராக்களுக்குத்தான் பின்னது தேவைப்படும்.

இதில் மின்சாரம் 12 வோல்ட்டில் போவதில்லை, 48 வோல்ட் அளவில் போகிறது. மின்னழுத்தம் உயர்ந்தால் அதே வாட்டுக்கு மின்னோட்டம் குறையும். மின்னோட்டம் குறைந்தால் இழப்பும் குறையும். ஆறு வாட் கேமராவுக்கு 12 வோல்ட்டில் அரை ஆம்பியர் வேண்டும். 48 வோல்ட்டில் 0.125 ஆம்பியர் போதும். மேலும் போக இரண்டு கம்பி, திரும்ப இரண்டு கம்பி என்று மின்சாரம் பகிர்ந்து பாய்கிறது. கேட் 5இ கேபிளின் கம்பியும் ஏறத்தாழ அதே 0.2 சதுர மில்லிமீட்டர்தான். ஆனாலும் 70 மீட்டர் தொலைவிலுள்ள கேட்டுக் கேமராவுக்கு இழப்பு முக்கால் வோல்ட் மட்டுமே. ஸ்விட்சும் என்விஆரும் ஒரே இடத்தில் இருப்பதால் ஒரு யுபிஎஸ் எல்லாவற்றையும் காப்பாற்றும். 30 மீட்டருக்கு அப்பால் ஒரு கேமராவாவது இருந்தால் நான் பிஓஇ பக்கமே நிற்பேன்.

எல்லை 100 மீட்டர். சுவருக்குள் நிலையாகப் போடும் பகுதி 90 மீட்டர், இரு முனையிலும் சேர்க்கும் துண்டுக் கேபிள்கள் 10 மீட்டர் என்று அதைப் பிரித்துக்கொள்வது முறை. சில ஸ்விட்சுகளில் வேகத்தை 10 மெகாபிட்டாகக் குறைத்து 250 மீட்டர் வரை நீட்டும் வசதி இருக்கிறது. அவசரத்துக்கு உதவும், புதிதாகத் திட்டமிடும்போது அதை நம்பி இறங்க வேண்டாம்.

கேட் 5இ போதுமா, கேட் 6 வேண்டுமா என்பது அடுத்து எழும் கேள்வி. ஒரு கேமராவின் படத்துக்கு வினாடிக்குச் சில மெகாபிட் போதும் என்பதால், வேகத்துக்காகக் கேட் 6 தேவையில்லை. பெரும்பாலான கேட் 6 கேபிள்களின் கம்பி சற்றுப் பருமனாக இருப்பதால் மின்சார இழப்பு குறைகிறது, அதனால்தான் நெடிய இழுப்புக்கு அதைச் சொல்கிறேன். ஆனால் முழுச் செம்பான கேட் 5இ, அலுமினியக் கலப்புள்ள கேட் 6-ஐவிட எல்லா வகையிலும் மேல்.

செம்பா, செம்பு பூசியதா?

பெட்டியின் மேல் கேட் 6 என்று கொட்டை எழுத்தில் இருக்கும். மூலையில் சிசிஏ என்று சிறிதாக இருக்கும். செம்பு முலாம் பூசிய அலுமினியம் என்பதே அதன் பொருள். விலை குறைவு. மின்தடையோ செம்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. இரண்டு முறை வளைத்தால் ஒடியும், ஈரம் பட்டால் நுனி அரிக்கும், பிஓஇ மின்சாரத்தில் சூடேறும். நான் ஏமாந்ததும் இதில்தான்.

கண்டுபிடிக்கச் சில வழிகள் உண்டு. கம்பியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். பெட்டியைத் தூக்கிப் பார்த்தாலும் தெரியும்: 305 மீட்டர் கேட் 6 பெட்டியில் செம்பின் எடை மட்டுமே ஐந்து கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும், ஆகவே பெட்டி கனக்காவிட்டால் சந்தேகப்படுங்கள். மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் இன்னும் துல்லியமாகச் சோதிக்கலாம். தரநிலைப்படி 100 மீட்டருக்கு ஒரு கம்பியின் மின்தடை 9.38 ஓமுக்கு மேல் போகக் கூடாது; பெட்டியின் இரு நுனிகளும் கைக்கு எட்டினால், 305 மீட்டரில் ஒரு கம்பியை அளக்கும்போது 29 ஓமுக்குள் வர வேண்டும். நாற்பதைத் தாண்டினால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

வெயில், மழை, அணில்

வீட்டுக்குள் போடும் சாம்பல் நிறப் பிவிசி உறை வெயிலில் சில ஆண்டுகளிலேயே வெளுத்து வெடித்துவிடும். வெளிச்சுவரில் போகும் பகுதிக்குக் கறுப்புப் பாலித்தீன் உறை உள்ள வெளிப்புறக் கேபிளையே கேளுங்கள். மண்ணுக்கடியில் போகவேண்டிய இடத்துக்கு, பழைய தொலைபேசிக் கேபிள்போல உள்ளே பசை நிரப்பிய ஜெல்லி கேபிள் வேண்டும், அதையும் குழாய்க்குள் விட்டே புதைக்க வேண்டும். தென்னைக்கு அருகில் அணில் இல்லாத வீடு கிடையாது. அது எந்த உறையையும் கடிக்கும். அதற்கு மருந்து பிவிசி குழாய்தான், விலை கூடிய கேபிள் அல்ல. நான்கு கேபிளுக்கு 25 மில்லிமீட்டர் குழாய் போட்டு, உள்ளே ஒரு நைலான் கயிற்றையும் விட்டு வைத்தால் பின்னாளில் ஐந்தாவது கேபிளை இழுக்கலாம்.

வீட்டு மின்சாரக் கம்பி ஓடும் குழாய்க்குள்ளேயே கேமரா கேபிளையும் திணிப்பது பரவலான பழக்கம். படத்தில் கோடு ஓடுவது ஒருபுறம், உறை தேய்ந்தால் 230 வோல்ட் கேமராவுக்குள் நுழையும் ஆபத்து மறுபுறம். தனிக் குழாய் கட்டாயம். குறுக்கே கடக்கத்தான் வேண்டும் என்றால் நேர்க்கோணத்தில் கடக்கட்டும். கவசம் உள்ள கேபிள் வாங்கினால் இதெல்லாம் தேவையில்லை என்று கடையில் சொல்வார்கள். உலோக உறையுள்ள இணைப்பி வழியாக அந்தக் கவசத்தை எர்த்தோடு சேர்த்தால்தான் அதற்குப் பயன். சேர்க்காவிட்டால் கூடுதல் விலை வீண்.

தோப்புக்குள் 180 மீட்டர்

மோட்டார் அறைக்குச் செம்பு வேண்டாம். தூரம் எல்லையைத் தாண்டுகிறது என்பது ஒரு காரணம். வெட்டவெளியில் கிடக்கும் நீண்ட செம்புக் கம்பி, அருகில் இடி விழும்போது எழும் மின் அலையை ஏந்திக்கொண்டு நேராக என்விஆருக்குள் கொண்டுவந்துவிடும் என்பது அதைவிடப் பெரிய காரணம். இரண்டு கட்டடங்களின் எர்த்துக்கு இடையே சிறிய வேறுபாடு இருந்தாலே கோஆக்சியல் படத்தில் கிடைக்கோடுகள் மெல்ல ஏறிக்கொண்டிருக்கும்.

ஒளியிழைக் கேபிளில் மின்சாரம் பாயாது, ஆகவே இந்த இரண்டு தொல்லையும் இல்லை. இரண்டு இழையுள்ள சிங்கிள் மோட் வெளிப்புறக் கேபிளும், இரு முனையிலும் ஒளியையும் மின் சைகையையும் ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்றும் மீடியா கன்வெர்ட்டர் ஒவ்வொன்றும் போதும். நுனி இணைக்கும் வேலையை நாமே செய்ய முடியாது, ஆனால் ஊரில் ஃபைபர் இணையம் கொடுப்பவரிடம் அதற்கான இயந்திரம் இருக்கும். வாங்கும் கேபிளில் இரும்புக் கம்பி கவசமாகவோ தாங்கியாகவோ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இருந்தால் இடிக்காகச் செம்பைத் தவிர்த்த பயன் பாதி போய்விடும்.

படத்துக்கு வழி கிடைத்துவிட்டது, மின்சாரத்துக்கு? மோட்டார் அறையில் எல்லா நேரமும் மின்சாரம் இருக்கும் என்று நம்ப முடியாது. கேமராவும் கன்வெர்ட்டரும் சேர்ந்து 8 வாட் என்றால் ஒரு நாளைக்கு 192 வாட் மணி தேவை. மழைநாட்களையும் கணக்கில் கொண்டு 100 வாட் சூரியத் தகடும், இரண்டு இரவு தாங்கும் பேட்டரியும் வைப்பதே எனக்குத் தெரிந்த நல்ல வழி.

இழுக்கும்போதும் நுனி போடும்போதும்

கேபிளைப் பிடித்து வெறிகொண்டு இழுக்காதீர்கள். உள்ளே இரண்டிரண்டாகச் சேர்த்து முறுக்கியிருக்கும் கம்பிகளின் முறுக்கு தளர்ந்துவிடும். வளைவு, கேபிளின் பருமனைப்போல நான்கு மடங்கு ஆரத்துக்குக் குறையக் கூடாது. நடுவில் ஒட்டுப் போடக் கூடாது. இழுப்பதற்கு முன்பே இரு நுனியிலும் எந்தக் கேமரா என்று எழுதி ஒட்டிவிடுங்கள், ஏனென்றால் இழுத்த பிறகு நான்கு கறுப்புக் கேபிளும் ஒன்றுபோலவே இருக்கும். சுவருக்குள் நுழையும் இடத்தில் கேபிளைச் சற்றுக் கீழே தொங்கவிட்டு மேல்நோக்கி உள்ளே செலுத்தினால் மழைநீர் தாழ்ந்த இடத்திலேயே சொட்டிவிடும். கேமராவின் இணைப்புகளை வெளியே தொங்கவிடாமல் பின்னால் ஒரு ஜங்ஷன் பாக்ஸுக்குள் வையுங்கள்.

வலையமைப்புக் கேபிளின் முனையில் போடும் ஆர்ஜே 45 இணைப்பிக்கு, அதன் கொக்கி கீழே இருக்குமாறு பிடித்து இடமிருந்து வலமாக: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. இரு முனையிலும் இதே வரிசை. ஆரஞ்சு இரண்டு, பச்சை இரண்டு, நீலம் இரண்டு என்று அழகாக அடுக்கினாலும் இரு முனையும் ஒத்துப்போகும், விளக்கு எரியும் சோதனைக் கருவியும் சரி என்றே காட்டும். ஆனால் மூன்றாவது, ஆறாவது கம்பிகள் ஒரே முறுக்கில் இல்லாமல் போவதால் தூரம் கூடும்போது படம் விட்டுவிட்டு வரும். முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள்.

குழாய்க்கு மேல் சிமென்ட் பூசுவதற்கு முன், எல்லாக் கேமராக்களையும் தற்காலிகமாக இணைத்து ஓர் இரவு முழுவதும் ஓடவிடுங்கள். இருட்டி ஒரு மணி நேரம் கழித்து, 12 வோல்ட் கேமரா ஏதேனும் இருந்தால் அதன் முனையில் மல்டிமீட்டரை வைத்து அளந்து, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் பதிவைத் தேதி நேரத்தோடு ஓட்டிப் பார்த்து, எந்தக் கேமராவிலும் இடைவெளி விழவில்லை என்று தெரிந்த பிறகே கொத்தனாரை வரச் சொல்லுங்கள்.